பேரிங் மாளிகையில் பிடித்த காய்ச்சல்

அம்மை கண்டால் அம்மன் சீற்றம் என்றனர். கிருமி என்று கண்டு கூறினர் ஆய்வாளர். நாடுகளைப் பற்றும் கடன் நோய்க்கும் அத்தகைய கட்டுக்கதை ஒன்றுண்டு. கடன்பட்ட நாடு ஊதாரி, அதன் கேடே ஊரெல்லாம் பரவிற்று என்பர். மெய்தானா? 1890-ஆம் ஆண்டு இலண்டனைப் பார்ப்போம்.

பேரிங் சகோதரர்கள் — 1762-இல் தோன்றிய வணிக மாளிகை. அரசுகளுக்கே கடன் திரட்டித் தந்த மாளிகை! 1880-களில் அர்ஜென்டினாவின் பத்திரங்களை அது இலண்டனில் விற்றுக் குவித்தது. 1888-இல் பியூனஸ் அயர்ஸ் நகரக் குடிநீர், வடிகால் திட்டத்தின் பங்குகளையும் ஏற்றது. வாங்குவாரில்லை. சுமை மாளிகையின் தலையிலேயே தங்கிற்று.

அர்ஜென்டினாவிலோ, நிலப்பிரபு நிலத்தை ஈடுவைத்துப் பெற்ற கடன் காகிதப் பணத்தில். காகிதம் மதிப்பிழக்க, அவன் கடன் தானாகவே கரைந்தது! உழைப்பாளியின் கூலியும் காகிதம்தான். விலைவாசி ஏற ஏற, அதுவும் கரைந்தது. ஒரே காகிதம் — அவனுக்கு விருந்து, இவனுக்குப் பட்டினி. அரசு இலண்டனுக்குச் செலுத்த வேண்டியதோ பொன்! 1890 ஜூலையில் கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஹுவாரஸ் செல்மன் பதவி துறந்தார்.

நவம்பரில் பேரிங் தள்ளாடிற்று. இங்கிலாந்து வங்கியின் தலைவர் லிடர்டேல் விரைந்தார். பிரான்சு வங்கியிடம் 30 இலட்சம் பவுன் மதிப்புள்ள பொன், உருசியாவிடம் 15 இலட்சம். இலண்டன் வங்கிகள் தந்த உறுதி நிதி ஏறத்தாழ 170 இலட்சம். வணிகத்தில் பிறர் தலையிடலாகாது என்று வாய் வலிக்க ஓதியவர்கள் அன்று வாய் திறந்ததாகத் தெரியவில்லை. பேரிங் பிழைத்தது.

காய்ச்சல் நின்றதா? இல்லை. கையைச் சுட்டுக்கொண்ட இலண்டன் முதலாளி மற்ற நாடுகளுக்கும் கதவைச் சாத்தினான். அண்டை நாடான உருகுவே 1891-இல் கடன் கட்ட இயலாது தவணை மாற்றிற்று. பெருங்கடல்களுக்கு அப்பால் ஆஸ்திரேலியாவுக்கும் பணவரத்து வற்றியது. அங்கே நிலவிலை முன்னரே ஊதிப் பெருத்திருந்தது, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் 1893-இல் வங்கிகள் பல கதவடைத்ததற்கு இவ்வறட்சியும் ஒரு காரணம். கிருமி கடன்பட்டவன் உடலோடு நிற்கவில்லை. கடன் கொடுத்தவன் கைப்பையில் ஏறிக் கடல் கடந்தது. பலருக்கும் கடன் தந்தவர் ஒருவரே என்பதால் பரவும் தொற்று என இன்றைய பொருளியலார் இதனை ஆய்கின்றனர்.

1891-இல் அர்ஜென்டினாவுக்குப் புதுக்கடன் 150 இலட்சம் பவுன் ஏற்பாடாயிற்று. எதற்கு? பழைய கடனின் வட்டியைக் கட்டுவதற்கு! அவ்வாண்டு அந்நாட்டில் குடியேற வந்தோரைவிட வெளியேறியோரே மிகுதி. பிழைப்புத் தேடி இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர், வந்த வழியே கப்பலேறினர்.