தூரிகையும் துலாக்கோலும்: ஓவியர் டியூரரின் வாழ்க்கைக் கணக்கு

ஓவியம் அழியாப் புகழ் தரும். ஆனால் அடுப்பெரிக்க விறகு தாராது. ஏற்ற வேலையை முடித்துக் கொடுத்தல், படைத்ததைப் பலர் காண வைத்தல், இல்லறத்தை நடத்துதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கும் தொல்லை ஓவியர்க்கு இன்று நேற்று வந்ததன்று. ஐந்நூறு ஆண்டுகட்கு முன் ஜெர்மனியில் வாழ்ந்த ஆல்பிரெக்ட் டியூரர் இதற்குச் சிறந்த சான்றாவார். அவர் தம் வரவு செலவையும் மனக்குறையையும் கடிதங்களிலும் பயணக் குறிப்பேட்டிலும் எழுதி வைத்தார்.

டியூரர் 1471ஆம் ஆண்டில் நூரம்பெர்க் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். தந்தையிடம் பொன்வேலையும், பின்னர் மிக்கேல் வோல்கெமுட் என்பாரிடம் ஓவியமும் பயின்றார். 1494இல் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்து, விரைவில் சொந்தப் பட்டறை தொடங்கினார். இன்றுள்ளவை போன்ற கலைக் கண்காட்சிகள் அந்நாளில் இல்லை. தேவாலயப் பீடத்தில் வைத்த படத்தை அவ்வூராரும் அங்கு வந்து சென்றோருமே கண்டனர். பிற ஊரார் கண்டு வாங்க வேண்டுமாயின், அதற்குச் சந்தையே வழி.

அவ்வழியை டியூரர் உறுதியாகப் பற்றினார். மரக்கட்டையில் உருவம் வரைந்து செதுக்குவித்தும், செப்புத் தகட்டில் தாமே கோடு கிழித்தும், மை தடவித் தாளில் அச்சிட்டார். ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். தகடோ அவர் கையிலேயே தங்கும். 1497இல் இப்படங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்க ஓர் ஆளை ஒப்பந்தம் செய்து அமர்த்தினார். 1498இல் விவிலியத்தின் திருவெளிப்பாட்டுக்கு வரைந்த 15 பெரும் படங்களைத் தாமே நூலாக வெளியிட்டார். அவர் வெனிஸ் சென்றிருந்த காலத்தில், மனைவி பிராங்பர்ட் சந்தையிலும், தாயார் நூரம்பெர்க் விழாச் சந்தையிலும் அச்சுப் படங்களை விற்கும் பொறுப்பை ஏற்றனர். புகழ் ஒருவர்க்கே ஆயினும் உழைப்பு குடும்பம் முழுவதற்கும் உரியதாயிற்று.

பிறர் கேட்டு வரையும் படங்களோ வேறு கதை. 1507இல் பிராங்பர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லருக்கு ஒரு பீடப் படம் வரைய 130 புளோரின் பொற்காசுக்கு டியூரர் இசைந்தார். நடுப்பலகையைப் பிறர் கைக்கு விடாமல் தாமே நுணுக்கமாகத் தீட்டினார். விலையுயர்ந்த நீல வண்ணத்தைத் தாராளமாகச் செலவிட்டார். வேலை நீண்டது, ஹெல்லர் சினந்தார். இறுதியில் 200 புளோரின் கிடைத்தது. எனினும், இவ்வளவு நுணுக்கமாக வரைந்தால் பிச்சை எடுக்க நேரும் என்றும், செப்புத்தகட்டு வேலையையே செய்து வந்திருந்தால் ஆயிரம் புளோரின் கூடுதலாகச் சேர்த்திருக்கலாம் என்றும் 1509இல் அவருக்கே எழுதினார். அவருடைய தலைசிறந்த செப்புத்தகட்டுப் படங்கள் மூன்று 1513, 1514ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

அரசர் ஆதரவும் நிலையற்றதாகவே இருந்தது. பேரரசர் மாக்சிமிலியனுக்காக, ஏறத்தாழ 190 மரக்கட்டைகளால் ஆகிய வெற்றி வளைவுப் படத்தை உருவாக்கும் பெரும்பணியில் டியூரர் முதன்மைப் பங்கு கொண்டார். 1515இல் ஆண்டுக்கு 100 புளோரின் மானியம் வழங்கப் பேரரசர் ஆணையிட்டார். 1519இல் பேரரசர் இறக்கவே நகர மன்றம் பணத்தை நிறுத்தியது. புதிய பேரரசர் ஐந்தாம் சார்லசிடம் அதனை உறுதி செய்துகொள்ள, 1520இல் டியூரர் மனைவியுடனும் பணிப்பெண்ணுடனும் நெதர்லாந்துப் பகுதிக்குப் புறப்பட்டார். கட்டுக் கட்டாக அச்சுப் படங்களும் உடன் சென்றன.

அப்பயணக் குறிப்பேட்டில் விற்ற படம், ஈந்த படம், உணவுச் செலவு, சூதில் தோற்ற காசு யாவும் பதிவாகியுள்ளன. மாக்சிமிலியனின் உருவப்படத்தை அவர் மகள் மார்கரெட் அரசியாருக்குக் காட்டினார், அம்மையார் விரும்பவில்லை. பின் அதனை ஒருவருக்குக் கொடுத்து வெள்ளை ஆங்கிலத் துணியைப் பெற்றார்! மானியம் உறுதியாயிற்று, ஆயினும் அந்நாட்டுக் கொடுக்கல் வாங்கலில் தமக்கு இழப்பே நேர்ந்தது என்று எழுதினார்.

1524இல் நகர மன்றத்திற்கு அவர் விடுத்த மடல் உருக்கமானது. முப்பது ஆண்டுகளில் சொந்த ஊரார் தந்த வேலை 500 புளோரின் அளவுகூட இல்லை என்றார். ஆண்டுக்கு 200 டுகாட் தருவதாக வெனிஸும், 300 கில்டரும் வீடும் தருவதாக ஆண்ட்வெர்ப்பும் அழைத்தும், ஊர்ப்பற்றினால் மறுத்ததை நினைவூட்டினார். அவர் கேட்டது கொடையன்று. தாம் சேமித்த 1,000 புளோரினை மன்றம் ஏற்று, ஆண்டுக்கு 50 புளோரின் வட்டி தரவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள். மன்றம் இசைந்தது.

1528இல் டியூரர் மறைந்தபோது விட்டுச் சென்ற உடைமையின் மதிப்பு 6,800 புளோரினுக்கு மேற்பட்டது. அச்செல்வம் பெரிதும் சந்தையில் விலைபோன தாள்களால் வந்தது.

ஹெல்லருக்காக அரும்பாடுபட்டு வரைந்த நடுப்பலகை, பின்னாளில் பவேரிய அரசர் கைக்குச் சென்று, 1729இல் மியூனிக் அரண்மனைத் தீயில் அழிந்தது. சந்தையில் ஆக்னஸ் விரித்து விற்றவை போன்ற அச்சுப் படங்களோ உலகத்து அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. வயிற்றுப்பாட்டிற்கென்று செய்த தொழிலே கலையையும் காத்தது.