வரைபடத்தில் ‘சீமை’ என்ற சொல்: தில்லியின் பல்லுயிரிய ஆய்வில் புவியிடத் தரவுப் பகுப்பாய்வாளரின் பொறுப்பு

முன்னுரை

இந்திய வன அளவைத் துறையின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 1,483 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தில்லியில் 195 சதுர கிலோமீட்டர், அதாவது 13.15 விழுக்காடு, காட்டுப் பரப்பு. தில்லிக்குள் நீளும் ஆரவல்லிக் குன்றுத் தொடரை ரிட்ஜ் என்பர். அதில் 1994 மே மாதம் இந்திய வனச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட நிலமோ 7,777 ஹெக்டேர்; ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டர். இவ்விரு எண்களில் எதுவும் பிழையன்று. முதல் எண் செயற்கைக்கோள் கண்ட மரக்கவிகையைச் சொல்கிறது. இரண்டாவது, சட்டம் காக்க முனைந்த நிலத்தைச் சொல்கிறது. அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்ற கேள்விக்கு இரண்டிலும் விடையில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் ஆய்வுக் குழுக்களில் இன்று புவியிடத் தரவுப் பகுப்பாய்வாளர் தவிர்க்க முடியாதவராகிவிட்டார். ஆனால் பெரும்பாலும் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது கட்டுரையின் முதல் படமாக அமையும் வரைபடம் மட்டுமே. அவர் எடுக்கும் வகைப்படுத்தல் முடிவுகளே எது உயிர்வளம், எது வெற்றிடம் என்பதைத் தீர்மானிக்கின்றன. எனவே அவர் களத்தறிவோடு இயங்கவேண்டிய ஆய்வாளர், ஆய்வின் பொறுப்பில் பங்காளி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

‘காடு’ எனும் அளவுகோல்

வன அளவைத் துறையின் வரையறை தெளிவானது: ஒரு ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, என்ன மரம், எதற்குப் பயன்படுகிறது என்பன கணக்கில் வாரா. இந்த அளவீட்டுக்குப் பயன்படும் லிஸ்-3 செயற்கைக்கோள் உணர்கருவியின் ஒரு பிக்சல் தரையில் 23.5 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அத்தகைய பதினெட்டு பிக்சல்கள் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். நகரப் பூங்காவும் பழத்தோட்டமும் ரிட்ஜின் பாறைச்சரிவும் இந்த அளவுகோலின் முன் ஒன்றே.

காலந்தோறும் இந்த அளவுகோலும் மாறியிருக்கிறது. 1987இல் வெளிவந்த முதல் அறிக்கையில், 400 ஹெக்டேருக்குக் குறைந்த காடு வரைபடத்தில் இடம்பெறவே இல்லை. இன்றைய எல்லை ஒரு ஹெக்டேர். இவ்விரு காலத்து எண்களை அருகருகே வைத்துக் ‘காடு பெருகியது’ என்று எழுதுவோர், கருவியின் கூர்மை பெருகியதையும் சேர்த்தே காடாக எண்ணுகிறார்கள். உச்ச நீதிமன்றமோ 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ளவேண்டும் என்றது. அகராதிப் பொருளைப் பிக்சலில் காண்பது எப்படி என்ற சிக்கல் இறுதியில் பகுப்பாய்வாளரின் மேசைக்கே வந்து சேர்கிறது.

மே மாதத்து ரிட்ஜ்

புது தில்லி எழுந்த காலத்தில், கல்லும் புதருமாக இருந்த ரிட்ஜைப் பசுமையாக்க விரும்பிய பிரிட்டிஷ் நிர்வாகம் மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஒரு மரத்தைக் கொண்டுவந்து நட்டது. தில்லியில் அதன் பெயர் விலாயதி கீகர். கீகர் என்றால் கருவேலம். விலாயதி என்றால் சீமை. இராமநாதபுரத்துக் கண்மாய்களிலும் தில்லி ரிட்ஜிலும் பரவிய அதே மரத்துக்கு, ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர் மக்கள் சொல்லுக்குச் சொல் ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ‘இது நம் மண்ணின் மரமன்று’ என்ற தகவல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. செயற்கைக்கோள் தரவில் இல்லாததும் அந்தத் தகவல்தான்.

தாவரப் பசுமையை அளக்கப் பரவலாகப் பயன்படும் என்.டி.வி.ஐ. குறியீடு, இலை உறிஞ்சும் சிவப்பு ஒளிக்கும் அது திருப்பியனுப்பும் அண்மை அகச்சிவப்பு ஒளிக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து கணிக்கப்படுகிறது. மழைக்கு முந்தைய வறண்ட வாரங்களில் ஆரவல்லியின் பூர்வீக மரமான தௌ இலையுதிர்த்துச் சாம்பல் நிறக் குச்சிகளாக நிற்கும். தில்லி எல்லையையொட்டி ஹரியானாவில் உள்ள மாங்கர் பனி கோவில்காட்டில் இந்தத் தௌ மரங்களை இன்றும் செறிவாகக் காணலாம். அதே வாரங்களில் சீமைக் கருவேலம், ஆழ வேரோடி நீர் தேடுவதால், பச்சையாகவே இருக்கும். மே மாதப் படம் ஒன்றை மட்டும் வைத்துக் குறியீட்டைக் கணித்தால் வந்தேறி மரக்காடு ‘நலமாக’வும் பூர்வீகக் காடு ‘சிதைந்ததாக’வும் தெரியும். கணக்கில் தவறில்லை, மாதத்தைத் தேர்ந்ததில்தான் தவறு.

திருத்தமும் அங்கேயே கிடைக்கிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் 10 மீட்டர் படங்களில் மே மாதத்தையும் மழை ஓய்ந்த அக்டோபரையும் இணைத்துப் பார்க்கலாம். அக்டோபரில் பசுமை, மே மாதத்தில் வெறுமை என்றால் இலையுதிர் மரம். இரண்டிலும் பசுமை என்றால் சீமைக் கருவேலமாக இருக்க வாய்ப்புண்டு. நீர் பாய்ச்சும் பூங்காவும் அப்படித்தான் தெரியும். சீமைக் கருவேல நிழலுக்கடியில் தலையெடுக்கும் தௌ கன்றோ எந்தப் படத்திலும் தெரியாது. இந்த ஐயங்களைத் தீர்க்க ஜி.பி.எஸ். கருவியோடு முள்ளுக்குள் இறங்கி மரத்தின் பெயரைக் குறித்து வருவதைத் தவிர வேறு வழியில்லை. களச் சரிபார்ப்பு பகுப்பாய்வின் கடைசிச் சடங்கன்று. வகைகளே அங்கிருந்துதான் பிறக்கவேண்டும்.

மீட்பு இழப்பாகத் தெரியும்போது

தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய பல்லுயிர்ப் பூங்காக்கள், மீட்பும் படத்தில் இழப்பாகத் தெரியக்கூடும் என்பதற்கு நல்ல சான்று. பேராசிரியர் சி.ஆர். பாபுவின் வழிகாட்டுதலில் யமுனைக் கரையிலும், பழைய சுரங்கக் குழிகள் நிறைந்த வசந்த் விகார்ப் பகுதி ஆரவல்லியிலும் பூர்வீகத் தாவரக் கூட்டங்கள் மீட்கப்பட்டன. சீமைக் கருவேலத்தின் கவிகையைக் கழித்து ஒளி இறங்கவிட்டால், அடியிலிருக்கும் பூர்வீகக் கன்றுகள் எழும். ஆனால் கிளை கழித்த ஆண்டின் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் கவிகை இழந்த நிலமாகவே பதிவாகும். மீட்பின் முதல் ஆண்டுகளை அழிவாக எண்ணும் அட்டவணை கொள்கை வகுப்போரின் கையில் போய்ச் சேர்ந்தால், நல்ல பணிக்கே கேடு விளையும்.

வெற்றிடம் எனப்பட்டவை

மரமில்லாத நிலத்துக்கு இதைவிடப் பெரிய அநீதி நேர்கிறது. புல்வெளியும் முட்புதரும் நெடுங்காலமாகத் தரிசு என்ற தலைப்பின்கீழ் வரைபடமாக்கப்பட்டன. ஆரவல்லிப் பகுதி வருவாய்ப் பதிவேடுகளில் பாறைநிலத்துக்கு ‘கைர் மும்கின் பஹார்’, பயிருக்கு உதவாத மலை, என்று பெயர். ஆய்வாளர்கள் எம்.டி. மதுசூதனும் அபி தமீம் வனக்கும் வறள்நிலத் திறந்தவெளிச் சூழலமைவுகளை வரைபடமாக்கியபோது, அவை நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 10 விழுக்காடு எனத் தெரிந்தது. வகையின் பெயர் மாறியதும் தரிசு வாழிடமாகியது.

உயிரினப் பதிவுகளிலும் இதே வெற்றிடம் உண்டு. இ-பேர்ட் தளத்தில் குவியும் பறவைப் பதிவுகள் ஓக்லா, நஜஃப்கர் போல ஆர்வலர்கள் விடுமுறைக் காலையில் எளிதில் சென்றடையும் இடங்களில் அடர்ந்திருக்கும். யாரும் போகாத இடத்தில் பறவை ‘இல்லை’ என்று எழுதுவதும் ‘பதிவாகவில்லை’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. பார்வையாளரின் உழைப்பையும் ஓர் அடுக்காகச் சேர்க்காத பரவல் வரைபடம், பறவைகளைவிடச் சாலைகளையே நன்றாகக் காட்டும்.

எதிர்வாதம்

நாடு முழுமைக்கும் ஒரே எளிய வரையறை வேண்டாமா என்பர். வேண்டும், ஆண்டுகளையும் மாநிலங்களையும் ஒப்பிட அது இன்றியமையாதது. ஒப்பீட்டுக்காக உருவான எண்ணைப் பல்லுயிரியத்தின் அளவாக வாசிப்பதையே இங்கு மறுக்கிறோம். சீமைக் கருவேலக் காட்டிலும் உயிர்கள் இல்லையா என்பதும் நியாயமான கேள்வி. 32.71 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அசோலா-பட்டி சரணாலயத்தில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அங்கேதான் தானியங்கிக் கேமராக்களில் சிறுத்தைகள் பதிவாயின. நீலான்களும் நரிகளும் திரிகின்றன. மரத்தின் பெயரை வரைபடத்தில் எழுதுவது அதற்கு எழுதும் மரண தண்டனையாகாது. எங்கே எந்த மரம் என்று தெரிந்தால்தான் எங்கே கழிப்பது, சிறுத்தையின் ஒதுங்கிடமாக எதை விடுவது என்று முடிவெடுக்க இயலும்.

முடிவுரை

2021 பிப்ரவரியில் இந்திய அரசு புவியிடத் தரவு விதிகளைத் தளர்த்தியது. படங்களும் கணிமையும் இன்று முன்னைவிட எளிதில் கிடைக்கின்றன. இனி அரியவை பருவம் அறிந்து படம் தேர்வதும், முள்ளுக்குள் இறங்கிப் பெயர் அறிவதும்தான். ஆகவே வரைபடத்தோடு அதன் ஐயப் பரப்பையும் ஒரு தனி அடுக்காக வெளியிடவேண்டும். படம் எடுத்த மாதம், சரிபார்த்த இடங்களின் எண்ணிக்கை, வகைகளை வகுத்தவர் பெயர் ஆகியவை குறிவிளக்கத்திலேயே இருக்கவேண்டும்; வகுத்தவர் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவராகவும் இருக்கவேண்டும். அந்தக் குறிவிளக்கத்தில் ‘அடர் பசுமை’ என்றிருக்கும் இடத்தில் ‘சீமைக் கருவேலம், அடியில் தௌ கன்றுகள்’ என்று எழுத முடிகிற நாளில், தில்லியின் வரைபடம் ரிட்ஜை ஒட்டி ஆடு மேய்ப்பவர் முன்பே அறிந்திருந்ததை எட்டிப் பிடித்திருக்கும்.