ஆர்வலர் என்றொரு சொல்

காட்டுயிர்களைப் பற்றி ஆய்வுசெய்யும் பெண்ணை நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'ஆர்வலர்' என்றே எழுதுகின்றன. தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. அது ஆர்வத்தைச் சொல்லி ஊதியத்தை மறைக்கிறது.

இந்திய வனப்பணி 1966இல் உருவானது. பெண் அதிகாரிகள் அதில் நுழைந்தது 1980இல்தான். அந்தக் கதவு மூடியிருந்த எழுபதுகளின் இறுதியில், எத்திராஜ் கல்லூரியில் விலங்கியல் படித்த ஜெ. விஜயா, சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தார். அரசு வாசல் அல்ல, தொண்டு நிறுவனத்தின் வாசல் அது. பிறகு ஆமைகளைத் தேடிப் பல மாநிலங்களுக்கு அலைந்தார். 1912இல் விவரிக்கப்பட்டு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆய்வாளர் கண்ணில் படாதிருந்த பிரம்பு ஆமையை 1982இல் கேரளத்துச் சாலக்குடிக் காட்டில், பழங்குடி மக்களின் துணையோடு மீண்டும் கண்டார். 1987இல், இருபதுகளிலேயே இறந்துபோனார். 2006இல் அந்த ஆமையின் பேரினம் 'விஜயகெலிஸ்' ஆனது.

இதை வீரக்கதையாக மட்டும் வாசித்துவிடலாம். நான் கேட்பது வேறு: சம்பளமில்லாத தொடக்கக் காலத்தை எந்த வீட்டுப் பெண்ணால் தாங்க முடியும்?

இன்று உதகையிலும் மயிலாடுதுறையிலும் கல்லூரிகளில் காட்டுயிரியல் படிக்கலாம். வனத்துறைத் தேர்வு, ஆய்வு நிறுவனம், தொண்டு நிறுவனம், கல்லூரி ஆசிரியப் பணி என வாசல்களும் கூடியிருக்கின்றன. ஆனால் ஆய்வுத் திட்டம் முடிந்தால் அதில் கிடைத்த வேலையும் முடிகிறது. அடுத்தது வரும்வரை காத்திருக்க வசதியுள்ளவளே துறையில் நிற்கிறாள்.

விஜயாவைக் காட்டுயிரியலாளர் என்றே எழுதுவோம். ஆமைக்குப் பெண்ணின் பெயர் வந்தது பெருமை. சம்பளப் பட்டியலிலும் பெண்களின் பெயர் நிலைக்க வேண்டும்.