சுனாமிகா

சுனாமிகா என்பது ஆடைத் தயாரிப்பில் வெட்டியபின் எஞ்சும் துணித்துண்டுகளைக் கொண்டு கையால் செய்யப்படும் மிகச் சிறிய பொம்மை ஆகும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட மீனவப் பெண்களுக்கு மன ஆறுதலும் வருவாயும் கிடைக்கச் செய்யும் நோக்கில், ஆரோவிலில் உள்ள உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கியது. உடையிலோ பையிலோ அணியாக மாட்டிக்கொள்ளத்தக்க இப்பொம்மை விலைக்கு விற்கப்படுவதில்லை. அன்பளிப்பாக மட்டுமே வழங்கப்படுவது இதன் தனிச்சிறப்பு ஆகும்.

பின்னணி

2004 திசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமாத்திரா தீவின் மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த அலைகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின் தமிழகக் கரையைத் தாக்கின. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தனர். இவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்கள். சென்னை முதல் கன்னியாகுமரி வரையுள்ள மீனவக் குப்பங்கள் பெரும் சேதமடைந்தன.

சோழமண்டலக் கரையில் ஆண்கள் கடலுக்குச் சென்று மீன் பிடிப்பதும், பெண்கள் அம்மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து ஊர்தோறும் விற்பதும் வழக்கம். பேரலைக்குப் பின் படகுகளும் வலைகளும் இல்லாமையால் மீன் வரத்து நின்றது. கடல்மீனை உண்ண மக்கள் அஞ்சியமையால் சில வாரங்கள் விற்பனையும் சரிந்தது. நிவாரண உதவிகளில் பெரும்பகுதி படகு, வலை, இயந்திரம் ஆகியவற்றிற்கே சென்றது. இவை பெரும்பாலும் ஆண்களின் உடைமைகள் ஆதலால், மீன் விற்ற பெண்களின் தொழில் இழப்பு போதிய கவனம் பெறவில்லை.

தோற்றம்

சென்னையின் தென்புறநகர்களிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், புதுச்சேரிக்குச் சுமார் 10 கி.மீ. முன்பாக விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில் அமைந்துள்ளது. இது 1968 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பன்னாட்டுக் குடியிருப்பு ஆகும். இதன் கிழக்கே கடலோரத்தில் பொம்மையார்பாளையம் முதலிய மீனவ ஊர்கள் உள்ளன.

உபாசனா நிறுவனத்தை 1997 ஆம் ஆண்டு தொடங்கிய உமா பிரஜாபதி, பீகார் மாநிலத்தைச் சேர்ந்தவர். தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயின்றவர். பேரலைக்குப் பின் அருகிலுள்ள ஊர்களின் பெண்களுடன் உபாசனா குழுவினர் பணியாற்றத் தொடங்கினர். உறவினரை இழந்தும், கடலருகே செல்லவே அஞ்சியும் இருந்த பெண்களுக்குக் கைகளுக்கு வேலை தருவதே முதல் தேவை எனக் கருதப்பட்டது. நிறுவனத்தின் தையற்பணியில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு பொம்மை செய்யும் பயிற்சி அளிக்கப்பட்டது. சுமார் 600 பெண்கள் இப்பயிற்சியைப் பெற்றனர். பலர் கூடியமர்ந்து தைக்கும் வேளையில் தம் இழப்புகளைப் பேசிக்கொள்ள இடம் கிடைத்தது. செய்த பொம்மைகளுக்கு அவர்களுக்குக் கூலியும் வழங்கப்பட்டது.

‘சுனாமி’ என்னும் சொல்லையே சிறு பெண்குழந்தையின் பெயர்போல் மாற்றிச் ‘சுனாமிகா’ எனப் பெயரிட்டனர்.

அமைப்பு

பொம்மை விரல் நீளத்தினும் சிறியது. வண்ணத் துணியாலான உடலும், நூலால் அமைந்த தலைமயிரும் கொண்டது. இதற்குத் தேவையானவை சிறு துண்டுகள், ஊசி, நூல், கத்தரிக்கோல் ஆகியவை மட்டுமே. தையல் இயந்திரமோ மின்சாரமோ தேவையில்லை. ஆகவே வீட்டிலிருந்தபடியே, சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையில் இதனைச் செய்ய முடிகிறது. துண்டுகளின் நிறமும் அச்சும் வேறுபடுவதால் பொம்மைகளின் தோற்றமும் வேறுபடுகிறது.

ஆடைத் தயாரிப்பில் வெட்டும் நிலையிலேயே ஏறத்தாழ 15 விழுக்காடு துணி கழிவாகிறது எனப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. தமிழகத்தில் பெரிய துண்டுகள் கால்மிதியாகவும், தலையணைக்குள் அடைக்கும் பொருளாகவும், பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் ‘பனியன் வேஸ்ட்’ ஆகவும் பயன்படுகின்றன. உள்ளங்கையினும் சிறிய துண்டுகளுக்குப் பயன் குறைவு. சுனாமிகாவுக்கு அவையே போதுமானவை.

கொடை முறை

சுனாமிகாவுக்கு விலை குறிக்கப்படுவதில்லை. பெறுபவர் விரும்பினால் நன்கொடை அளிக்கலாம். அத்தொகையிலிருந்து பெண்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டு மேலும் பொம்மைகள் செய்யப்படுகின்றன. இவ்வாறு 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட பொம்மைகள் செய்யப்பட்டு, சுமார் 80 நாடுகளைச் சென்றடைந்துள்ளன. இதன் கதை நூல்வடிவில் பல மொழிகளில் வெளிவந்துள்ளது.

நிவாரணம் பெறுவோராக மட்டுமே அறியப்பட்ட பெண்கள், பிறருக்கு ஒன்றை அளிப்போராகவும் ஆனமை இம்முறையின் முதன்மையான பயன் ஆகும். சந்தையில் கைவினைப் பொருளுக்கு நேரும் பேரமும் இதில் இல்லை. அதேவேளை வருவாய் முழுவதும் நன்கொடையைச் சார்ந்திருப்பதால், பேரிடர் பற்றிய நினைவு மங்கி நன்கொடை குறையும்போது வேலையும் குறையக்கூடும் என்பது இம்முறையின் வரம்பு ஆகும்.

ஒப்பீடு

அதே பேரிடரில் துணி வேறொரு சிக்கலாகவும் விளங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து நிவாரணமாக வந்த பழைய ஆடைகள் மீனவ மக்களின் பழக்கத்திற்கு ஒவ்வாமல் சாலையோரங்களில் குவிந்தன. 1999 ஆம் ஆண்டு அன்சு குப்தா தொடங்கிய கூஞ்சு என்னும் தொண்டு நிறுவனம், தமிழக அரசுடன் இணைந்து இவற்றைத் திரட்டித் தரம்பிரித்து மறுபயனுக்குக் கொண்டுவந்தது. தேவையறியாது அனுப்பிய முழு ஆடைகள் குப்பையாயின. குப்பைக்குரிய துண்டுகளோ பெண்களின் கைகளில் பயனுள்ளவை ஆயின.

பழந்துணியைப் பெண்கள் கைத்தையலால் புதுப்பிக்கும் மரபு இந்தியாவிற்குப் புதிதன்று. பழைய சேலைகளை அடுக்கி ஓடுதையலிட்டுப் போர்வையாக்கும் வங்காளத்துக் காந்தா இதற்குச் சான்று ஆகும்.

தொடர் முயற்சிகள்

நெகிழிப் பைகளுக்கு மாற்றாக, மடித்துச் சிறு உறையில் அடக்கி எடுத்துச் செல்லக்கூடிய துணிப்பையை ‘சுமால் இசுடெப்சு’ என்னும் பெயரில் உபாசனா பின்னர் அறிமுகப்படுத்தியது. காசி நெசவாளர்களுக்காகவும், இயற்கைப் பருத்தி உழவர்களுக்காகவும் தனித்தனித் திட்டங்களையும் இந்நிறுவனம் மேற்கொண்டது.