காணோமா... காலியா?

2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு சுவாரஸ்யமான வழக்கில் தீர்ப்பு சொன்னது. ரத்தம் தெறிக்கும் வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் போட்டிருந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்றது நீதிமன்றம். நீதிபதி சாமுவேல் அலிட்டோ தனியாக எழுதிய கருத்தில், ஒரு கொடூரமான விளையாட்டைப் பற்றிச் சொல்லி, அடிக்குறிப்பில் ஓர் இணையதள முகவரியையும் கொடுத்தார்.

பிற்பாடு அங்கே எட்டிப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி! பழைய பக்கத்தைக் காணோம். யாரோ ஒரு குசும்புக்காரர், காலாவதியான அந்த முகவரியை விலைக்கு வாங்கி, 'பிழை 404' என்று தலைப்புப் போட்டு, 'நல்லவேளை, இந்தப் பக்கத்தை நீங்கள் மேற்கோள் காட்டவில்லை. அலிட்டோ காட்டிவிட்டார்' என்கிற ரீதியில் நக்கலடித்து வைத்திருந்தார்!

சிரித்துவிட்டு நகர முடியாது. ஹார்வர்டு சட்டப் பள்ளியின் ஜொனாதன் ஸிட்ரெய்னும் அவருடைய சகாக்களும் 2013-ல் அந்த நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த இணைய முகவரிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி முகவரிகளில், நீதிபதிகள் குறிப்பிட்ட விஷயம் இல்லை. தீர்ப்பு இருக்கிறது, ஆதாரம் போச்சு!

இந்த '404' எங்கிருந்து வந்தது? வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ வேலை பார்த்த ஜெனீவாவின் 'செர்ன்' ஆய்வுக்கூடத்தில் 404-ம் நம்பர் அறை இருந்தது, கோப்புகளைத் தேடி அங்கேதான் ஓடுவார்கள் என்று ஒரு கதை உண்டு. சுத்தக் கட்டுக்கதை! விஷயம் ரொம்ப சாதாரணம். நீங்கள் கேட்டதில் ஏதோ கோளாறு என்றால் 400-ல் தொடங்கும் எண்கள். அதில் 404 என்பது 'கேட்டது கிடைக்கவில்லை'.

தபால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். 'வீடு மாறிவிட்டார், புது விலாசம் இது' என்று சொன்னால் அது 301. 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று திருப்பினால் 404. முன்பு இருந்தாரா, நாளை வருவாரா... ஒன்றும் தெரியாது. 1997-ல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிமுறையில் இன்னொரு எண்ணும் இருந்தது - 410. 'இருந்தது, வேண்டுமென்றேதான் எடுத்துவிட்டோம், இனி வராது. தயவுசெய்து உங்கள் இணைப்பையும் நீக்கிவிடுங்கள்' என்று அர்த்தம். கொஞ்ச நாள் ஓடிய விளம்பரச் சலுகை, வேலையை விட்டுப் போனவரின் பக்கம் - இதற்கெல்லாம் உதவும் என்று விதிமுறையே உதாரணம் சொல்கிறது.

எவ்வளவு நேர்மையான பதில்! ஆனால், பல தளங்கள் இந்தச் சிரமமெல்லாம் படுவதில்லை. நீக்கிய பக்கத்தைத் தேடி வருகிறவரைச் சத்தமில்லாமல் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. ஆள் இல்லாத வீட்டுக் கடிதத்தையெல்லாம் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி! 1998-லேயே பெர்னர்ஸ்-லீ இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் புலம்பினார். முகவரிகள் தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அவர் வாதம்.

சரி, 410 சொல்லவாவது ஓர் ஆள் வேண்டுமே? ஊரே காலியானால்?

அதுவும் நடந்தது. 1994-ல் தொடங்கிய 'ஜியோசிட்டீஸ்', யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. 'ஹாலிவுட்', 'டோக்கியோ', 'ஏதென்ஸ்' என்று பேட்டைகள். ஒவ்வொருவருக்கும் கதவு எண்கூட உண்டு! பூனைக்குட்டிப் படங்கள், ரசிகர் மன்றங்கள், இறந்துபோன குழந்தைக்கு அஞ்சலிப் பக்கங்கள்... வெளிநாட்டில் இருந்த தமிழர்கள் சிலர் தமிழ் எழுத்துருக்களைக்கூட அங்கே வைத்திருந்தார்கள். 1999-ல் சுமார் 350 கோடி டாலருக்கு அதை வாங்கியது யாஹூ. 2009 அக்டோபர் 26-ம் தேதி இழுத்து மூடியது. கோடிக்கணக்கான பக்கங்கள்!

மூடுவிழா தேதி தெரிந்ததும் ஜேசன் ஸ்காட் என்பவர் தலைமையில் தன்னார்வலர்கள் சிலர், எரிகிற வீட்டிலிருந்து சாமான்களை வெளியே வீசுகிற மாதிரி, இரவு பகலாகப் பிரதி எடுத்தார்கள். அடுத்த வருடம் 600 ஜிபி-க்கும் மேற்பட்ட ஒரே மூட்டையாக எல்லோருக்கும் கொடுத்தார்கள். எல்லாம் தப்பவில்லை. 1996-லிருந்தே வலையைப் பிரதி எடுத்துவரும் புரூஸ்டர் கேலின் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' இன்னொரு பகுதியை வைத்திருந்தது.

உலகின் முதல் வலைப்பக்கமாவது பத்திரமாக இருக்கிறதா? 2013-ல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மறுபடி ஏற்றியது. ஆனால், அவர்கள் கையில் சிக்கியது 1992-ம் வருடத்துப் பிரதி. 1991-ல் முதன்முதலில் இருந்த அதே வடிவம் கிடைக்கவில்லை.