மண்ணைத் தரம் பிரித்தவர்கள்: தலத்தெருவிலிருந்து சில குறிப்புகள்

ஐப்பசி அடைமழையில் தலத்தெருவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் தேங்கிய தண்ணீர் நாலு நாளாகியும் வடியவில்லை. ஒரு காலத்தில் சம்பா விளைந்த இடம். பிறகு மனையாகி, மண்ணடித்து மேடாக்கி, அதன்மேல் வீடு. பக்கத்தில் குடியிருக்கும் பெரியவர் ஆயுசில் பாதியைச் சேற்றில் கழித்தவர். எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தண்ணி குடிக்கிற மண்ணு இல்ல தம்பி. குடிக்காதபடி நாங்கதான் அதைப் பழக்கி வச்சோம்." முதல் வாக்கியம் உடனே புரிந்துவிட்டது. இரண்டாவது புரியச் சில புத்தகங்களும் ஒரு வருஷமும் தேவைப்பட்டன. இக்கட்டுரையை அந்த இரண்டாவது வாக்கியத்துக்கான உரை என்று வைத்துக்கொள்ளலாம்.

மண்ணை வகைப்படுத்துவது வெகுளியான காரியமல்ல. வகைப்படுத்துகிறவர் கேட்கும் கேள்விதான் வகையைத் தீர்மானிக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் 'தரம்' என்றொரு சொல் வருகிறது; தரமிடப்படாத நிலம் 'தரமிலி'. அங்கே கேள்வி இறை பற்றியது. 1858இல் மதராஸ் மாகாணத்தில் நிலவரித்திட்டத் துறை அமைந்தபோதும் கேள்வி அதேதான், கருவி மட்டும் மாறியது. மண்ணில் களியின் பங்கு மூன்றில் இரண்டுக்கு மேல் இருந்தால் களிமண், மூன்றில் ஒன்றுக்குக் கீழ் என்றால் மணல், இடைப்பட்டது பொறைமண். அதற்குள்ளே நல்லது, சுமார், மட்டம் என்று படிகள். படியிலிருந்து நெல் மதிப்பு, நெல் மதிப்பிலிருந்து ரூபாய். அவ்வளவுதான் சமாச்சாரம். 1739இலிருந்து பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த காரைக்காலுக்கு மதராஸ் கையேடு செல்லாது. எல்லைக்கல்லைத் தாண்டினால் மண் மாறுவதில்லை. அதை எழுதிவைக்கும் பேரேடு மாறிவிடும்.

தண்ணீரை வைத்து மண்ணைப் பிரிக்கும் முறை அமெரிக்காவில் வேறொரு பீதியிலிருந்து பிறந்தது. ராபர்ட் ஹார்ட்டன் என்ற நீரியலாளர், விழும் மழையை உள்ளே இறங்குவது, மேலே ஓடுவது என்று பங்கு போட்டுக்கொடுப்பது நிலத்தின் மேற்பரப்பே என்பதை 1933இல் விளக்கினார். அந்தப் பத்தாண்டில் புழுதிப் புயல்கள் அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போயின. 1935இல் அங்கே மண் பாதுகாப்புப் பணித்துறை ஏற்பட்டது. 1936இல் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. எந்த நிலத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் வழிந்தோடும் என்று முன்கூட்டிச் சொல்லியாக வேண்டிய நிர்ப்பந்தம். 1955இல் மஸ்கிரேவ் மண்ணை நான்கு தொகுதிகளாக்கிக் காட்டினார். நன்றாக நனைந்த பிறகும் மணிக்கு 7.6 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீரை உள்வாங்கினால் ஏ. 3.8 வரை இறங்கினால் பி. 1.3 வரை என்றால் சி. அதற்கும் கீழே போனால் டி. ஏ என்பது மணல், டி என்பது களி என்று தோராயமாகச் சொல்லலாம். ஏ நல்ல பிள்ளை. டி வெள்ளத்தைக் கொண்டுவரும் பிள்ளை.

இங்கே முதல் முரண். பொறியாளரின் பட்டியலில் கடைசியில் நிற்கும் டி, நெல் விவசாயிக்கு முதல் மண். தண்ணீர் நிற்காத நிலத்தில் சம்பா எங்கே? கடைமடைக்கு வந்துசேரும் கொஞ்சநஞ்சத் தண்ணீரைக் கட்டிவைப்பதே டெல்டா விவசாயத்தின் சாமர்த்தியம். ஒரே குணம் ஒரு பேரேட்டில் குற்றம், இன்னொன்றில் தகுதி. ஆனால் 'பார்வைகள் பலவிதம்' என்று இதோடு முடித்துக்கொள்வது சோம்பேறித்தனம். விஷயம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

1972இல் இந்திய வேளாண் அமைச்சகம் இந்த முறையை நம் நாட்டுக்கு ஏற்பத் திருத்திக் கையேடாக்கியது. அந்த அட்டவணையில் நிலத்தின் பயன்பாடு, மண் தொகுதி இரண்டையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண் நூறை நெருங்க நெருங்க வழிந்தோட்டம் கூடும். அடர்காட்டுக்கு நான்கு தொகுதிகளிலும் முறையே 26, 40, 58, 61. தரிசுக்கு 71, 80, 85, 88. ஒவ்வொரு வரியிலும் மண்ணுக்கு மண் எண் வேறாகிறது. நெல் என்ற வரிக்கு வந்தால்: 95, 95, 95, 95.

இந்த வரியில் நான் நின்றுவிட்டேன். மண்ணை நாலாகப் பிரிப்பதற்கென்றே போட்ட அட்டவணை, நெல்வயலில் காலை வைத்ததும் பிரிவினையைக் கைவிட்டுவிடுகிறது. 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏ வகை மணலில் உள்ள அடர்காட்டிலிருந்து கணக்குப்படி ஒன்றுமே ஓடாது. அதே மணலில் நெல் என்றால் சுமார் 86 மில்லிமீட்டர் ஓடும். மண் அதேதான். நடுவில் என்ன நடந்தது?

நடந்தது சேற்றுழவு. தண்ணீர் கட்டி, ஏர் பூட்டி, திரும்பத் திரும்ப உழுது, மிதித்து, பரம்படிக்கும்போது மண்கட்டிகள் உடைந்து துகள்துகளாகின்றன. நுண்ணிய களி மெல்லப் படிந்து பெரிய துளைகளை அடைத்துக்கொள்கிறது. கொழுமுனைக்குக் கீழே, மாட்டுக் குளம்பும் மனுசக் காலும் அழுத்தி அழுத்தி, வருஷக்கணக்கில் ஒரு கெட்டித்தளம் உருவாகிறது. தண்ணீர் அதன்மேல் நிற்கிறது. களி குறைந்த மணற்பாங்கில் இது முழுசாகக் கைகூடாது. அட்டவணைக்கு அந்த வித்தியாசமும் தேவைப்படவில்லை. ஆக, நெல்வயலின் 'மண் குணம்' என்பதில் பெரும்பங்கு இயற்கையின் கொடையல்ல, செய்யப்பட்டது. நன்செய், புன்செய் என்ற சொற்களில் உள்ள 'செய்' வயலையும் குறிக்கும், வினையையும் குறிக்கும். எம்.ஏ. வகுப்பில் சொற்பொருளாகப் படித்ததை நீரியல் அட்டவணையில் மறுபடி சந்தித்தேன்.

செய்தது யார்? இக்கேள்வி எந்தப் பேரேட்டிலும் இல்லை. தரமிட்டவர்கள் நிலத்துக்கு உடையவனை எழுதினார்கள், விளைச்சலை எழுதினார்கள். சேற்றை மிதித்த பண்ணையாளின் கால் எங்கும் பதிவாகவில்லை. அந்தக் கால்களில் மிகுதியும் தலித்துகளுடையவை என்பதைத் தஞ்சைத் தரணியில் தனியாக நிறுவ வேண்டியதில்லை. 1952இல் தஞ்சை மாவட்டத்துக்குப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு அது வரவில்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணியிலும் கூலி நெல்லின் அளவு இருந்தது. மண்ணைச் செய்தவர்களுக்கு நெல் அளப்பதே இத்தனை பிரச்சனை என்றால், மண்ணில் அவர்களுடைய பங்கை யார் அளந்திருப்பார்கள்?

நம்முடைய எழுத்தில் 'மண்' என்ற சொல் எவ்வளவு புனிதமாகப் புழங்குகிறது என்பதையும் இங்கே யோசிக்கவேண்டும். மண்ணின் மணம், மண்ணின் மைந்தர். எல்லாவற்றிலும் மண் ஆதியிலிருந்தே அங்கே கிடக்கிறது. மனிதர் அதிலிருந்து முளைக்கிறார்கள். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. கட்டாய உழைப்பால் பழக்கப்பட்ட மண்ணை ஆதி மண் என்று பாடுவது, பழக்கியவர்களை இரண்டாம் முறை அழிப்பது.

பின்னாளில் வந்த அமெரிக்கக் கையேட்டில் இன்னொரு விதி உண்டு. நிலத்தடி நீர்மட்டம் 60 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எந்த மண்ணும் டிதான். வடிகால் வெட்டி நீர்மட்டத்தை இறக்க முடியுமானால் இரட்டை எழுத்து: ஏ/டி, பி/டி, சி/டி. வடித்தால் முதலெழுத்து, வடிக்காவிட்டால் டி. அதாவது ஒரு மண்ணின் வகை அதனுள்ளே மட்டும் இல்லை, அதன் வடிகால் யார் வசம் என்பதிலும் இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் நீர்மட்டம் மேலேறிவரும் நம் கடற்கரையில் இது வெறும் அடிக்குறிப்பு அல்ல. வயல் மனையாகும்போது கெட்டித்தளம் அடியில் அப்படியே கிடக்கிறது. தண்ணீரைத் தாங்கிய வரப்பு போகிறது. கன்னி வாய்க்கால் தூர்கிறது. மேட்டில் மண்ணடித்து வீடு கட்டியவனின் தண்ணீர் பள்ளத்தில் இருப்பவன் வாசலுக்குப் போகிறது. தலைமுறை தலைமுறையாக அந்த டியைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருக்கிறார்கள். மேட்டில் இருப்பவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைத்து இக்கட்டுரையை முடிக்க முடியாது.

அன்று சாயங்காலம் பெரியவர் மம்பட்டியோடு வந்தார். வேலியோரமாக ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் இழுத்தார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கொல்லைத் தண்ணீர் நகரத் தொடங்கி, கால்மணி நேரத்தில் தெருவைத் தொட்டது. தெருமுனையில் முன்பு வடிகால் இருந்த இடம் இப்போது சிமெண்டுத் தளம். தண்ணீர் அதுவரை போய் நின்றது. பிறகு அவர் வீட்டுப் பக்கம் திரும்பியது.