ஜாஸ் இசைத்தட்டும் அதன் இரசிகர்களும்

நல்ல இசையைக் கேட்டவன் அதனைத் தன்னுள் பூட்டி வைப்பதில்லை. பிறரையும் அழைத்துக் கேட்பித்தாலன்றி அவன் மனம் அமைதி கொள்ளாது. ஜாஸ் இரசிகர் இருவர் சந்தித்தால், "இப்போது எந்தத் தட்டைக் கேட்கிறீர்?" என்ற கேள்வி முதலில் எழுவது இந்த இயல்பினாலேயே. எளிய கேள்விதான். ஆயினும் அதைக் கேட்டவர்கள் ஒரு நாட்டில் மறைக்கப்பட்ட கலைஞர்களின் பெயர்களை மீட்டார்கள். வேறொரு நாட்டில் அதற்காகவே சிறை புகுந்தார்கள். அவர்கள் சாதித்தது எது, செய்யத் தவறியது எது என்று ஆராய்வது கலையை நேசிப்போர் அனைவருக்கும் பயன் தரும்.

ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த கலை. நியூ ஓர்லியன்ஸ் நகரின் தெருக்களிலும் மரண ஊர்வலங்களிலும் நடன மண்டபங்களிலும் அது வளர்ந்தது. எனினும் 1917இல் வெளிவந்த முதலாவது ஜாஸ் இசைத்தட்டில் வாசித்தவர்கள் வெள்ளையர்களே. 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் தட்டு எதிர்பாராத அளவுக்கு விற்பனையான பின்னர்தான் கம்பெனிகளின் கண் திறந்தது. கண் திறந்ததேயன்றி மனம் திறக்கவில்லை. கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளுக்கு "இனத் தட்டுகள்" என்று பெயரிட்டுத் தனிப் பட்டியல் அமைத்தார்கள். புகைவண்டியிலும் பள்ளிக்கூடத்திலும் இருந்த இனப் பிரிவினை இசைத்தட்டிலும் ஏறிக்கொண்டது.

அக்காலத்தின் ஈடிணையற்ற பாடகி பெஸ்ஸி ஸ்மித். 1923இல் அவர் பாடத் தொடங்கியபோது, வெளியிடத் தகுந்த ஒரு பக்கத்துக்கு 125 டொலர் என்று கூலி பேசப்பட்டது. எத்தனை பிரதிகள் விற்றாலும் அவருக்கு உரிமைப் பங்கு கிடையாது. தட்டு ஆயிரமாயிரமாக விற்றது. குரலுக்குரியவர் நாட்கூலிக்காரரின் நிலையிலேயே நின்றார். அத்தட்டு செய்யப்பட்ட பொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய தட்டுகளில் முக்கியமாகச் சேர்ந்தது அரக்கு. அதிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து சென்றது. சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து அரக்குச் சுரண்டிய பழங்குடி உழைப்பாளியும், சிக்காகோவில் ஊதுகொம்பு இசைத்த கறுப்பினக் கலைஞனும் ஒருவரையொருவர் அறியாமலே அந்த மூன்று நிமிடத் தட்டில் சந்தித்தார்கள். இலாபம் இருவரையும் சேரவில்லை.

பின்னர் பொருளாதார மந்தம் வந்தது. 1927இல் அமெரிக்காவில் பத்துக் கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டுகள் 1932இல் அறுபது இலட்சமாகச் சுருங்கின. பழைய ஜாஸ் தட்டுகள் பட்டியலிலிருந்து நீங்கின. சந்தை கைவிட்ட இக்கலையை இரசிகர்கள் கையில் எடுத்துக்கொண்டது இவ்வேளையிலேதான். பழைய தளபாடக் கடைகளிலும், கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களின் வீடுகளிலும் தேடித் திரிந்து சில சதங்களுக்குத் தட்டுகளை வாங்கினார்கள். ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை. ஆதலால் கூடிக் கேட்பது அவசியமாயிற்று. 1932இல் பாரிஸ் நகரில் "ஹொட் கிளப்" என்னும் இரசிகர் சங்கம் தோன்றியது. 1933 முதல் இங்கிலாந்தில் "றிதம் கிளப்"புகள் எழுந்தன. தட்டுகளை எடுத்துவந்து, சுழலவிட்டு, "இந்த இடத்தில் ஊதுகொம்பு வாசிப்பவர் யார்?" என்று விவாதிப்பதே இச்சங்கங்களின் முதன்மையான பணி.

அந்தக் கேள்வி அற்பமானதன்று. தட்டின் நடுவே ஒட்டிய தாளில் பெரும்பாலும் குழுவின் பெயர் மட்டுமே இருந்தது. சில வேளை அதுவும் புனைபெயர். வாசித்த தனி மனிதரைக் கம்பெனி பொருட்படுத்தவில்லை. காதை மட்டுமே கருவியாகக் கொண்டு, கலைஞர்களுக்குக் கடிதம் எழுதி விசாரித்து, இரசிகர்கள் அப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 1936இல் பாரிஸில் சார்ள்ஸ் டெலோனே வெளியிட்ட ஜாஸ் இசைத்தட்டு விவரநூல் இவ்வுழைப்பின் பெறுபேறு. நியூயோர்க்கின் 42ஆம் வீதியில் கொமொடோர் என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்திய மில்ற் கேப்லர் 1935இல் இரசிகர் சங்கங்களின் பெயரால் பழைய தட்டுகளை மறுபதிப்புச் செய்தார். அவற்றில் வாசித்த ஒவ்வொருவரின் பெயரும் அச்சிடப்பட்டது. வரலாறு அரசர்களுடையதன்று, உழைப்பவர்களுடையது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அதைச் சாய்வுநாற்காலியிலிருந்து சொல்லாமல் செயலிற் காட்டியவர்கள் இவர்கள்.

பெயரோடு நின்றுவிடாமல் ஆளையே தேடிச் சென்றவர்களும் உண்டு. பழைய நியூ ஓர்லியன்ஸ் கலைஞரான பங்க் ஜோன்சன் பற்களை இழந்து, கொம்பு ஊத முடியாமல், லூயிசியானாவின் ஒரு சிற்றூரிற் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். 1930களின் இறுதியில் இரசிகர்கள் அவரைக் கண்டுபிடித்தார்கள். பணம் திரட்டிப் பற்கட்டி அமைத்துக் கொடுத்தார்கள். கொம்பும் வாங்கித் தந்தார்கள். 1942இல் அவர் தமது முதலாவது இசைத்தட்டுக்கு வாசித்தார்.

இவ்விரசிகர்களின் கடையே வேறொரு பெரும்பணிக்கும் இடமாயிற்று. நியூயோர்க்கில் ஏபெல் மீறொபொல் என்றோர் ஆசிரியர் இருந்தார். தென்மாநிலங்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களை மரங்களிற் தூக்கிக் கொன்ற கொடுமையைப் பற்றி அவர் எழுதிய கவிதை 1937இல் ஆசிரியர் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. 1882 முதல் 1968 வரை இவ்வாறு கும்பல்களின் கையில் இறந்த கறுப்பினத்தவர் 3,446 பேர் என்று டஸ்கீகி நிறுவனம் கணக்கிட்டுள்ளது. கவிதை பாடலாகி, "ஸ்ற்றேஞ்ச் புறூட்" என்ற பெயரில் 1939இல் பிலி ஹொலிடேயின் குரலை அடைந்தது. அவருடன் ஒப்பந்தம் செய்திருந்த பெரிய கம்பெனி அதைப் பதிவுசெய்ய மறுத்தது. தெற்கின் வாடிக்கையாளர்களை இழக்க அது விரும்பவில்லை. பதிவு செய்தவர் கொமொடோர் கடைக்காரரான கேப்லர். பெரு மூலதனம் அஞ்சி ஒதுங்கிய இடத்தில் இரசிகர்களின் சிறு கடை துணிந்து நின்றது. கம்யூனிஸ்ட் கட்சி பணம் கொடுத்துத்தான் அப்பாடலை எழுதுவித்ததா என்று மீறொபொல்லை விசாரணைக் குழுவொன்று பின்னர் வினவியது. கும்பற்கொலையைத் தனிக் குற்றமாக்கும் மத்திய அரசின் சட்டமோ 2022இல்தான் நிறைவேறியது.

அத்திலாந்திக்கின் மறுகரையில், ஜேர்மனியில், இசைத்தட்டைப் பகிர்வதே குற்றமாயிற்று. 1935இல் நாஜி வானொலி ஜாஸைத் தடைசெய்தது. ஆயினும் ஹம்பேர்க் முதலிய நகரங்களில் இளைஞர்கள் கையிற் தூக்கிச் செல்லும் கிராமபோனோடு வீடுகளிற் கூடினார்கள், தட்டுகளைக் கைமாற்றினார்கள், ஆடினார்கள். அவர்களிற் பலர் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள். அரசியற் தெளிவு பெற்றவர்கள் அல்லர். அவர்களைப் புரட்சியாளராகச் சித்திரிப்பது உண்மைக்கு ஒவ்வாது. ஆனால் கறுப்பினத்தவரும் யூதரும் படைத்த இசையை அழகியதென்று ஒப்புக்கொண்டவன் நாஜியின் இனக் கோட்பாட்டை ஒரு மூலையில் உடைத்துவிடுகிறான் அல்லவா? அதை அதிகாரம் நன்றாக உணர்ந்தது. 1942 ஜனவரியில் ஹிம்லர் எழுதிய கடிதம், தலைமை தாங்கிய ஆண் பெண் இருபாலாரையும் வதைமுகாமுக்கு அனுப்பப் பணித்தது. அவர்களை ஆதரித்த ஆசிரியர்களுக்கும் அதே தண்டனை என்றது.

முற்போக்காளராகிய நாம் நமது பக்கத்தின் தவறையும் மறைக்கலாகாது. ஹிட்லரிடமிருந்து தப்பிச் சோவியத் நாட்டில் புகலடைந்து புகழ்பெற்ற ஊதுகொம்புக் கலைஞர் எடி றோஸ்னர் 1946இற் கைதாகி 1954 வரை சிறைமுகாமில் வாடினார். ஜாஸ் முதலாளித்துவச் சீரழிவு என்று இகழப்பட்ட அவ்வாண்டுகளில், மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்ரே படங்களை வட்டமாக வெட்டி, அவற்றிற் பள்ளங்கீறி, இரசிகர்கள் இரகசியமாகத் தட்டுகள் செய்தார்கள். விலா எலும்பின் நிழலில் ஒடுக்கப்பட்டோரின் இசை சுழன்றது. உழைக்கும் மக்களின் பெயரால், உழைக்கும் மக்கள் படைத்த கலையைத் தடுத்தது ஒரு வரலாற்று முரண்.

இவ்வளவையும் கூறிய பின் ஒரு கசப்பான உண்மையையும் கூற வேண்டியுள்ளது. பெஸ்ஸி ஸ்மித் 1937இல் மோட்டார் விபத்தில் மாண்டார். அவருடைய தட்டுகளை இரசிகர்கள் நாடெங்கும் தேடினார்கள், போற்றினார்கள், அரிய பிரதிகளுக்குப் போட்டியிட்டார்கள். 33 ஆண்டுகளாக அவருடைய கல்லறையில் ஒரு பெயர்க்கல் இல்லை. 1970இல் பாடகி ஜனிஸ் ஜொப்லினும், சிறுமியாயிருந்தபோது பெஸ்ஸியின் வீட்டிற் துப்புரவு வேலை செய்த ஜுவானிற்றா கிறீனும் பணம் கொடுத்த பின்னரே அங்கு கல் நாட்டப்பட்டது. தட்டில் விழுந்த கீறல்களையெல்லாம் எண்ணத் தெரிந்த இரசிகர் உலகத்துக்கு, பாடியவரின் தலைமாட்டில் ஒரு கல் இல்லை என்பது நெடுங்காலம் தெரியவில்லை; தெரிந்தவர்க்கும் உறைக்கவில்லை.

இரசனை பொருளோடு நின்றுவிட்டால் அது சேகரிப்பு. மனிதரைச் சென்றடைந்தால் அது தோழமை. பங்க் ஜோன்சனுக்குப் பல் கட்டியவர்களிடமும், ஹொலிடேயின் பாடலுக்குத் தட்டுத் தந்தவரிடமும் நாம் காண்பது இரண்டாவது. இன்று தட்டு வேண்டியதில்லை. விரல் நுனியில் உலகத்து இசையெல்லாம் வந்து நிற்கிறது. இருந்தும் இரசிகர் இன்றும் தாம் கேட்பதைப் பிறருக்குச் சொல்லியே மகிழ்கிறார்கள். மகிழட்டும். "எதைக் கேட்கிறீர்?" என்ற கேள்வியோடு, "வாசித்தவர் யார்? அவருக்குக் கூலி கிடைத்ததா?" என்ற கேள்விகளும் சேரட்டும்.